மாமாவின் தகரப்பெட்டியில் இருந்த டிராம் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் வடசேரியில் எனக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ. போன வருஷம் மாமாவின் பெட்டியிலிருந்து நாற்பது படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கடைச் சுவரில் மாட்டினேன். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர்கள்கூட ரெண்டு கேள்வி கேட்காமல் போனதில்லை. ஒரே பதிலை நூறு தரம் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

நம்ம ஊர்ல டிராமே ஓடல. உங்க கையில இத்தனை டிராம் படம் எங்க இருந்து வந்துச்சு அண்ணாச்சி?

டிராமை விடுங்கள், ரயிலே 1979-ல்தான் நாகர்கோவிலுக்கு வந்தது. அந்த வருஷம் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி பாதை திறந்தது. திருநெல்வேலிப் பக்கம் இணைந்தது 1981-ல். அதற்கு முன் மெட்ராஸ் போகிறவர்கள் பஸ் ஏறித் திருநெல்வேலி போய்த்தான் ரயில் பிடித்தார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் எங்கள் பாட்டா, அம்மாவைப் பெற்றவர். மெட்ராஸ் டிராமில் கண்டக்டர்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் அங்கே போய் டிராமிலேயே கிடந்தவர். 1953-ல் டிராம் நின்றபோது அவருக்குப் பதினான்கு வயது. பிறகு கப்பலில் எலக்ட்ரீசியன் ஆனார். துறைமுகத்தில் இறங்கினால் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள். இவர் பழைய டிராம் எங்கே நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு போவார். அறுநூறு ஸ்லைடு (அட்டைச் சட்டத்தில் மாட்டிய கலர் பிலிம் துண்டு), கொஞ்சம் நெகட்டிவ், அங்கங்கே வாங்கியதும் மாற்றிக்கொண்டதுமாகக் கருப்பு வெள்ளை பிரிண்டுகள். இவ்வளவும் ஒரு தகரப்பெட்டியில் இருந்தன.

டிராம், மின்சார ரயில் எல்லாம் ஒண்ணுதானே?

அடிப்படை ஒன்றுதான்: வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி, சக்கர அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் மோட்டாரைச் சுழற்றுவது. டிராம் தெருவில் ஓடும், பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி, 500-600 வோல்ட் நேர்மின்சாரம். புறநகர் மின்சார ரயில் தனிப் பாதையில் பல பெட்டி கோத்து ஓடும். மெட்ராஸ் பீச்–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதை 1931-ல் மின்மயமானபோது 1,500 வோல்ட் நேர்மின்சாரம்; பிறகு 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றினார்கள்; 2004-ல் மீட்டர்கேஜ் மின்சார ரயிலே நின்றுபோனது. அமெரிக்காவில் ஊர்விட்டு ஊர் போகும் டிராம்களும் இருந்தன. மாமா எல்லாவற்றையும் ‘காரு’ என்றே எழுதி வைத்திருக்கிறார். நான் இங்கே ‘வண்டி’ என்கிறேன்.

இதுல மெட்ராஸ் டிராம் உண்டுமா?

மூன்றே மூன்று. ஒன்றில் பாட்டா தோளில் தோல்பையோடு படிக்கட்டில் நிற்கிறார். முகத்தில் சிரிப்பில்லை, வேலை நேரம்.

மெட்ராஸில் மின்சார டிராம் 1895 மே 7-ல் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். லண்டன் தெருக்களில் மின்சார டிராம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கே ஓடியது. ஆரம்பத்தில் மின்கம்பி தலைக்கு மேல் இல்லை. தண்டவாளத்துக்கு நடுவே தரையில் வெட்டிய சாலுக்குள் இருந்தது. பிறகுதான் மேலே கம்பி கட்டினார்கள். 1953 ஏப்ரல் 12-ல் எல்லாம் நின்றது. நின்ற பிறகு அந்த வண்டிகளைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கேமராவும் கிடையாது. மாமாவுக்குக் கடைசிவரை இருந்த குறை அது ஒன்றுதான்.

ஓடுற வண்டியவே காணோம். எல்லாம் துருப்பிடிச்சும் பிரிச்சுப் போட்டும் கெடக்கு. இதையா மாட்டி வச்சிருக்கிய?

அதற்காகத்தான் மாட்டினேன். பளபளவென்று பெயின்ட் அடித்து ஓடும் டிராமை எல்லோரும் எடுப்பார்கள், தபால் அட்டையாகவும் விற்கும். பழைய வண்டியைச் சீர்செய்யக் கழற்றிப்போட்டு வேலை செய்த வருஷங்களை யார் எடுக்கிறார்கள்? வீட்டு ஆல்பமும் அப்படித்தானே. கல்யாணப் படம் இருக்கும், வீடு கட்டியபோது எடுத்த படம் இருக்காது. பைப் எந்தச் சுவருக்குள் போகிறது என்று தேடும்போதுதான் அந்த அருமை தெரியும்.

மேலைநாடுகளில் டிராம் சேவைகள் மூடியபோது வண்டிகளின் அடிச்சட்டத்தையும் மோட்டாரையும் இரும்புக்குப் போட்டுவிட்டு, மர உடம்பை மட்டும் விற்றார்கள். வாங்கியவர்கள் அதை வீடாக, தோட்டக் கொட்டகையாக, சாப்பாட்டுக் கடையாக, கோழிக்கூடாக வைத்துக்கொண்டார்கள். விற்காததை வயல்வெளியில் தள்ளி எரித்து இரும்பைப் பொறுக்கினார்கள். பல வருஷம் கழித்து யாராவது தேடிப்போய், சுற்றிக் கட்டிய தகரத்தையும் பலகையையும் பிரித்தால் உள்ளே டிராம் இருக்கும்.

என் சுவரில் ஏழாவது படத்தைப் பாருங்கள். ஜன்னலில் ஒரு வெள்ளைக் கோழி எட்டிப் பார்க்கிறது. எல்லோரும் கோழியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஸ்லைடைப் பத்து மடங்கு லென்ஸில் வைத்தால், கோழிக்கு ஒரு சாண் கீழே பச்சைப் பெயின்ட் உரிந்த இடத்தில் ஓர் எண்ணின் கீழ்ப்பாதி தெரியும், தங்க நிறக் கோட்டோடு. எழுத்து எவ்வளவு உயரம், கோடு எவ்வளவு தடிமன் என்று பெயின்டருக்குச் சொல்ல இது போதும்.

பழைய டிராமை விலைக்கு வாங்கி வைக்கணும்னு முதல்ல யாருக்குத் தோணிச்சு?

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் சில இளைஞர்கள் 1939-ல் பிட்டிஃபோர்ட்–சாக்கோ டிராம் கம்பெனியின் 31-ஆம் எண் வண்டியை 150 டாலருக்கு வாங்கினார்கள். பக்கவாட்டு அடைப்பில்லாத கோடைக்கால வண்டி. அதுதான் கென்னபங்க்போர்ட்டில் இன்றைக்கும் இருக்கும் சீஷோர் டிராலி மியூசியத்தின் ஆரம்பம். போர்ட்லாண்ட் துறைமுகத்திலிருந்து பக்கம் என்பதால் மாமா அங்கே போயிருக்கிறார்.

இங்கிலாந்தில் 1948-ல் டிராம் ரசிகர்கள் சிலர் சவுதாம்ப்டனுக்குச் சுற்றுலா போன இடத்தில் 45-ஆம் எண் வண்டியைப் பத்து பவுண்டுக்கு வாங்கிவிட்டார்கள். நிறுத்த இடம்கூடக் கையில் கிடையாது. அதன் மாடியில் ஒரே நீளப் பெஞ்சு, முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு பக்கமும் பார்த்து உட்கார வேண்டும். அந்த ஊரில் பார்கேட் என்ற பழைய கோட்டைவாசல் வளைவுக்குள் நுழைய வேண்டியிருந்ததால் உயரத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. பிறகு டெர்பிஷயரில் க்ரிச் என்ற ஊரில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரியைப் பிடித்து மியூசியம் தொடங்கியபோது, இந்த வண்டியும் அங்கே போய்ச் சேர்ந்தது.

அதே காலத்தில் எதிர்ப்பக்கமும் நடந்தது. 1956-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் டெர்மினல் ஐலண்டில் பசிபிக் எலக்ட்ரிக் என்ற டிராம் கம்பெனியின் வண்டிகளைத் தீப்பெட்டி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உடைப்புக்குக் காத்திருக்க வைத்த படம் உலகப் பிரசித்தம். அதே 1956-ல்தான் தென் கலிபோர்னியாவில் டிராம் மியூசியத்துக்கான சங்கமும் உருவானது.

நம்ம நாட்டுல ஒண்ணையும் காப்பாத்தலியா?

கொஞ்சம் உண்டு. டெல்லியில் 1977-ல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ‘சர் லெஸ்லி வில்சன்’ என்ற 4502 எண் மின்சார எஞ்சின் நிற்கிறது. பம்பாய்ப் பக்கம் மலைப்பாதையில் சரக்கு இழுத்தது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியதும் பம்பாயில்தான், 1925 பிப்ரவரி 3, விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு. கொல்கத்தாவில் மின்சார டிராம் 1902-ல் வந்தது. எஸ்பிளனேடில் ஒரு பழைய டிராமையே ‘ஸ்மரணிகா’ என்ற பெயரில் 2014-ல் அருங்காட்சியகம் ஆக்கினார்கள், உள்ளே உட்கார்ந்து காபி குடிக்கவும் இடம் வைத்தார்கள்.

ஆனால் வண்டியை வைத்திருப்பது வேறு, அதைச் சீர்செய்ததைப் படிப்படியாகப் படமெடுத்து வைத்திருப்பது வேறு. ரிப்பன் வெட்டும் படம் நம்மிடம் எப்போதும் இருக்கும்.

பின்னால ஒண்ணுமே எழுதல. எந்த வருஷம்னு எப்படிச் சொல்லுதிய?

முதலில் ஸ்லைடின் அட்டைச் சட்டம். கோடாக் கம்பெனியே கழுவித் தந்தவற்றில் பல காலம் மாதமும் வருஷமும் அச்சடித்திருக்கும். அதை நம்பி நான் ஒரு தரம் ஏமாந்தேன். ஜனவரி என்று போட்ட ஸ்லைடில் மரமெல்லாம் பச்சை; இங்கிலாந்தில் ஜனவரியில் இலையேது? அப்புறம்தான் உறைத்தது: அது படம் கழுவிய மாதம். கப்பல்காரர் ரோலை முடிக்கவே ஆறு மாதம் ஆகும்.

அடுத்தது வண்டியின் மேல்பக்கம். கூரையில் தூண்டில் கம்பு மாதிரிச் சாய்ந்திருப்பது டிராலி கம்பு, மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுப்பது. வண்டி போகும் திசைக்கு எதிராகச் சாயும், அதனால் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம். கம்பைக் கீழே இழுத்துக் கொக்கியில் மாட்டியிருந்தால் வண்டியில் கரண்ட் இல்லை. க்ரிச்சில் 1963-ல் குதிரை இழுக்கும் டிராம்தான் முதலில் ஓடியது, மின்சாரம் 1964-ல் வந்தது. ஆகவே மாமாவின் க்ரிச் படத்தில் மேலே கம்பியே இல்லாமல், வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தால் அது 1964-க்கு முந்தையது என்று எடுத்துக்கொள்வேன். பக்கத்தில் நிற்கும் மோட்டார் கார், ஆட்களின் பேன்ட் அகலம், சுவர் விளம்பரம் எல்லாம் இதற்குப் பிறகுதான். அவை ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டும் சொல்லும். பழைய காரை இருபது வருஷம் ஓட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கருப்பு வெள்ளைப் படத்தை வச்சு என்ன கலர் அடிச்சிருந்தாங்கன்னு தெரியுமா?

படத்தை மட்டும் வைத்துச் சொன்னால் தப்பாகும். 1930-கள் வரை பரவலாகப் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. ரத்தச் சிவப்பு வண்டி அதில் கருப்பாக விழும். நீலம் வெளுத்து வெள்ளை மாதிரி ஆகும். பிறகு வந்த பான்குரோமேட்டிக்கில் அதே சிவப்பு நடுத்தரச் சாம்பல். ஒரே வண்டி இரண்டு படத்தில் இரண்டு நிறமாகத் தெரிந்தால், நடுவில் பெயின்ட் மாற்றினார்கள் என்று உடனே எழுதிவிடக் கூடாது. பிலிம் மாறியிருக்கலாம்.

சரியான வழி உப்புத்தாள். மழையும் வெயிலும் படாத ஒரு மூலையில், கம்பிக்கடியிலோ கதவிடுக்கிலோ, காலணா அளவுக்கு மெல்லத் தேய்த்தால் அடுக்கடுக்காக வளையம் வரும். மேலே கடைசி வீட்டுக்காரன் அடித்த பச்சை, அதற்குக் கீழே கம்பெனிக் கலர்கள், அடியில் சாம்பல் பிரைமர். அந்த வளையத்தை ஒரு வண்ண அட்டையோடு சேர்த்துப் படமெடுத்து வைப்பார்கள். மாமாவிடம் அப்படி ஒரு ஸ்லைடு இருக்கிறது. பார்க்க மரத்தை வெட்டின மாதிரி இருக்கும். கண்காட்சியில் அதை மாட்டாதே, யாருக்கும் புரியாது என்றார் என் மனைவி. மாட்டினேன். யாருக்கும் புரியவில்லை.

எங்க ஆல்பத்துல படமெல்லாம் செவந்து போச்சு, உங்க ஸ்லைடு மட்டும் எப்படி இப்படி இருக்கு?

மாமா வாங்கியது பெரும்பாலும் கோடாக்ரோம் என்ற கோடாக் கம்பெனி ஸ்லைடு பிலிம். இருட்டில் வைத்தால் அதன் சாயம் வெகுகாலம் நிற்கும். ஆனால் புரொஜெக்டரில் அடிக்கடி போட்டுப் பார்த்தால் மற்ற பிலிமைவிடச் சீக்கிரம் வெளிறும். மாமாவிடம் புரொஜெக்டர் இல்லாதது நமக்கு அதிர்ஷ்டம். அந்தப் பிலிமைக் கழுவும் கடைசி லேபும் 2010 டிசம்பரோடு வாங்குவதை நிறுத்திவிட்டது. மற்ற பிலிம்களிலும் கலர் பிரிண்டுகளிலும் பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடுவதால் சிவப்பு மிஞ்சுகிறது. ஸ்கேன் செய்தபின் கம்ப்யூட்டரில் ஓரளவு சரிசெய்யலாம். சரிசெய்யாத ஸ்கேனையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படத்து மேல வெள்ளையா பூஞ்சை. ஈரத்துணியால துடைச்சா போயிடுமா?

போய்விடும், படமும் சேர்ந்து. நானே செய்தேன். ஸ்டுடியோ தொழிலில் முப்பது வருஷம் இருந்தவன், மாமா நெகட்டிவ் ஒன்றை ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு டிராமின் முகம் அப்படியே துணியில் வந்துவிட்டது. படம் ஏறியிருக்கும் பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊறும், பூஞ்சை பிடித்ததென்றால் இன்னும் இளகியிருக்கும். முதலில் காயவிடுங்கள், நிழலில், மின்விசிறி நேராக அடிக்காமல். காய்ந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் மேலாகத் தட்டுங்கள், மூக்கில் மாஸ்க்கோடு. அதற்கு மேல் வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இடையில் கடல்காற்றின் உப்பு. குளச்சல், மணக்குடிப் பக்கத்தார் வீட்டுப் படம் தொட்டாலே பிசுபிசுக்கும். மேற்குச் சுவரில் படத்தை மாட்டாதீர்கள். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். பெட்டிக்குள் நீல சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடலாம். பசை தடவிய பக்கத்தில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பம்தான் முதல் எதிரி, கல்யாண சீசனில் நானே ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறேன்.

பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசம் அடிக்கு. எலி செத்துக் கெடக்கோ?

எலி இல்லை. அசிட்டேட் பிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும், வினிகரில் இருப்பதும் அதுதான். ஒன்று தொடங்கினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். வாசம் வருவதைத் தனியே பிரித்து, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் காகித உறையில் வையுங்கள். சுருளத் தொடங்குமுன் ஸ்கேன் செய்துவிடுங்கள், அதைத் திரும்ப நல்லதாக்க வழி கிடையாது. ரொம்பப் பழைய பிலிம் நைட்ரேட்டாக இருந்தால் எளிதில் தீப்பிடிக்கும். விளிம்பில் ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’ என்றிருந்தால் அந்தப் பயம் இல்லை. தீக்குச்சி வைத்துச் சோதிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், அண்ணாச்சி.

செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சா போதாதா?

வாட்ஸப்பில் அனுப்பப் போதும். மேலே சொன்ன கோழிக்குக் கீழே இருக்கும் எண் செல்போன் படத்தில் வராது. பிரிண்டை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), 35 மில்லிமீட்டர் ஸ்லைடை 3,200 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து தரம் குறையாத ‘டிஃப்’ கோப்பாக வைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: ஸ்கேனரில் தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி உண்டு. கருப்பு வெள்ளை நெகட்டிவுக்கும் கோடாக்ரோமுக்கும் அதை அணைத்துவிடுங்கள். படத்தில் இருப்பதையே தூசி என்று நினைத்து மின்கம்பியையே அழித்துவிடும். முன்பக்கம் ஸ்கேன் செய்ததும் பின்பக்கத்தையும் செய்யுங்கள். மாமா பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியதில் ஒரு பிரிண்டின் முன்பக்கம் ‘லிவர்பூல்’ என்று இடவலம் மாறிப் புடைத்து நிற்கிறது. நீங்கள் எழுதுவதானால் மென்மையான பென்சில், ஓரத்தில்.

பாதிக்கு மேல புதுப் பலகை, சக்கரம் வேற நாட்டுது. அதைப் போய் பழைய டிராம்னு சொல்லலாமா?

இதைக் கேட்டவர் ஒரு தச்சர், மார்த்தாண்டத்துக்காரர். நியாயமான கேள்வி. உடம்பை மட்டும் விற்றார்கள் என்று மேலே சொன்னேன் இல்லையா? மீட்கும்போது அடிச்சட்டமும் மோட்டாரும் இருக்காது. அதே ரகம் வேறெங்காவது ஓடிக்கொண்டிருந்தால் அங்கிருந்து வாங்குவார்கள், தண்டவாள அகலம் வித்தியாசப்பட்டால் மாற்றி அமைப்பார்கள். உளுத்த தூணை வெட்டி ஒட்டுப்போடுவார்கள்.

நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: சுசீந்திரம் தேரில் ஒரு சட்டம் மாற்றினால் தேர் வேறாகிவிடுமா? ‘அது கோயில், இது மியூசியம்’ என்றார் அவர். சரிதான். கோயிலில் தேர் ஓடினால் போதும். மியூசியத்தில் எது பழையது, எது புதியது என்று பின்னால் வருகிறவன் கேட்பான். அப்போது காட்ட, பிரித்தபோது எடுத்த படங்கள் வேண்டும். எந்த மூட்டில் எந்தப் பலகை, எந்தத் தூணில் பழைய ஆணித்துளை என்று படம் இருந்தால் அது சீர்செய்த பழைய வண்டி. படம் இல்லையென்றால் நல்ல பொம்மை. இது என் கருத்துதான். தச்சர் பாதிதான் ஒத்துக்கொண்டார்.

இந்தப் படத்தை நான் என் பேஸ்புக்ல போட்டுக்கலாமா?

மாமா எடுத்ததென்றால் என்னிடம் கேளுங்கள், தருகிறேன். அவர் விலைக்கு வாங்கிய பிரிண்டுகள் வேறு கதை. பிரிண்டு நம் கையில் இருக்கிறது என்பதால் உரிமை நம்முடையது ஆகாது. இந்தியச் சட்டத்தில் 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் என்பதுதான் கணக்கு. அதற்கு முன் வெளியான ஆண்டிலிருந்து 60 என்று இருந்தது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சம் எடுக்கச் சொன்னவருக்குத்தான் முதல் உரிமை. உங்கள் கல்யாணப் படம் உங்களுடையது, என்னுடையதல்ல.

எங்க பாட்டாவும் பம்பாய்ல டிராம் ஓட்டினவரு. படத்தை எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு. இப்ப என்ன செய்ய?

பம்பாயில் டிராம் 1964 மார்ச் 31-ல் நின்றது. அதற்கு முன்னால் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஆல்பம் போயிருந்தாலும் கல்யாண வீட்டுக் கும்பல் படத்தின் பின்னணி, சம்பளச் சீட்டு, தொப்பி வில்லை என்று ஏதாவது மிஞ்சியிருக்கும். மச்சில் ஏறிப் பாருங்கள். கிடைத்தால் துடைக்காமல், பிரிக்காமல், இருக்கிற உறையோடு கடைக்குக் கொண்டு வாருங்கள். காலை பத்து முதல் ஒன்று வரை இருப்பேன். ஸ்கேனுக்குக் காசு வேண்டாம். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆச்சியையும் கூட்டி வந்தால் நல்லது.